வேராவைச் சுட்டவர்கள்

"படிங்க டீச்சர்" என்றார் கணேசன்.

பொழிச்சலூரில் அவருடைய வீட்டு முன்னறை. காலை பதினோரு மணி இருக்கும். கட்டிலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. திமிறுகிற கோழியைப் பிடித்திருப்பதுபோல அதை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

என் மடியில் ஒரு புதுப் புத்தகம். வழுவழுப்பான தாள். திறந்தால் பசையும் மையும் கலந்த வாசனை வந்தது.

"கடைசிப் பக்கத்த மட்டும் படிங்க. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்."

சர்க்கரையால் அவருக்குக் கண் மங்கி நாலைந்து வருடம் ஆகிவிட்டது. எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்பதுவரை தெரியும். எழுத்து தெரியாது. வாழ்நாள் முழுக்க எழுத்தோடு கிடந்த மனிதர்.

கூரைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. அந்த வீட்டில் விமானம் போகும்வரை யாரும் பேசமாட்டார்கள். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். தவறான முடிவு. அதற்கு முன்னால் எடுத்தவையும் தவறானவைதான். இந்த வாரம் அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

ஜி. ராஜன் என்கிற நான்

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன். சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்திய கிரேஸ் ராஜம் டீச்சரைத்தான் வாசகர்களுக்குத் தெரியும். "வகுப்புக்கு வெளியே எதுவுமே செய்யவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார்.

செய்தேன். ஆறேழு வருடம் காமிக்ஸ் மொழிபெயர்த்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பல்லாவரத்தில் ஒரு சின்ன அச்சகம். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ் இவற்றுக்கு நடுவில் மாதம் ஒரு படக்கதை போட்டார்கள். படம் வெளிநாட்டுக்காரர்களுடையது, தமிழ் என்னுடையது.

"பொம்பளை பேர் போட்டா பசங்க சண்டைக் கதையை வாங்கமாட்டாங்கம்மா" என்றார் முதலாளி.

ரயில்வேயில் இருந்த என் கணவருக்கு வேறு கவலை. "டீச்சரம்மா பொம்மை புக் எழுதுறாங்கன்னு தெரிஞ்சா சர்ச்சுல என்ன நினைப்பாங்க கிரேஸ்?"

இரண்டு பேர் கவலையும் ஒரே நாளில் தீர்ந்தது. என் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றினேன். ராஜம் ராஜன் ஆனாள். ஜி. ராஜன் என்ற பெயருக்கு விழுப்புரத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் பையன்கள் கடிதம் எழுதினார்கள். "அன்புள்ள ராஜன் அண்ணா" என்று ஆரம்பிக்கும். வகுப்பில் கட்டுரை நோட்டு திருத்துகிற நேரத்தில், நோட்டுகளுக்கு நடுவில் வைத்து அவற்றைப் படிப்பேன். அந்த வயதில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. பாராட்டு எனக்கு வந்ததா, இல்லாத அந்த ராஜனுக்கு வந்ததா என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

சம்பளம் வாங்கும் வீரர்கள்

எங்கள் அச்சகம் போட்டதிலேயே நன்றாக ஓடியது 'வடமுனைப் படை'. வரைந்தவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் கதை ரஷ்யர்களைப் பற்றியது.

சோவியத் அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஐந்து அதிசய மனிதர்கள் அதில் வருவார்கள். உடம்பே கருங்கல்லான ஒரு கர்னல். மூச்சுவிட்டால் தண்ணீர் உறைந்துபோகும் இரட்டைச் சகோதரர்கள். தூக்கமே இல்லாமல் ஓடக்கூடிய ஒரு தபால்காரன். ஐந்தாவது, வேரா. உலகத்தின் எந்த மூலையில் எந்த வானொலி அலை புறப்பட்டாலும் அது அவள் காதில் விழும்.

ஐந்து பேருக்கும் அரசுக் குடியிருப்பு உண்டு, பதவி உயர்வு உண்டு. வித்தையைக் காட்டுவதற்கு மட்டும் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வருவதற்குள் எதிரி தப்பித்துவிடுவான். அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்த எனக்கு அந்த இடங்களை மொழிபெயர்க்கச் சிரமமே இருந்ததில்லை.

எதிரில் அமெரிக்காவின் வீரர்கள். செயற்கைக்கோளுக்காக, நீர்மூழ்கிக்காக, பனிப்பாறைக்கு அடியில் இருக்கும் ஏதோ ஓர் உலோகத்துக்காக மாதாமாதம் சண்டை. மாதாமாதம் கடைசி இரண்டு பக்கத்தில் அமெரிக்கா ஜெயிக்கும்.

"அவனுங்களுக்கும் கவர்மென்ட்டுதான் சம்பளம் குடுக்குது டீச்சர்" என்று கணேசன் ஒருநாள் சொன்னார். "இவங்க சட்டைல எழுதி வச்சுகினு இருக்காங்க. அவனுங்க எழுதல. அவ்ளோதான்."

இடம் இல்ல டீச்சர்

கணேசன் பொழிச்சலூரின் பழைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். நிலம் அப்பா காலத்திலேயே கைவிட்டுப் போயிருந்தது. தோல் தொழிற்சாலை யூனியனுக்காகச் சுவரில் எழுதப் போய், எழுதுவதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. ஆள் உயர எழுத்தைச் சுண்ணாம்புச் சுவரில் எழுதுகிற அதே கை, கடுகு அளவு எழுத்தைக் காகிதத்திலும் எழுதும்.

படக்கதையில் பேச்சு எழுதும் வெள்ளை வட்டத்தைப் பலூன் என்போம். ஆங்கிலத்துக்காகப் போட்ட பலூன் சின்னதாக இருக்கும். தமிழ் அதில் அடங்காது. நான் தாளில் எழுதிக் கொடுப்பதைப் பலூனுக்குள் கையால் எழுதுவதும், அடங்காவிட்டால் வெட்டுவதும் கணேசனின் வேலை.

ஆங்கில மூலத்தில் ரஷ்யர்கள் எல்லோரும் ஓட்டை ஆங்கிலம் பேசுவார்கள். நானும் விசுவாசமாக ஓட்டைத் தமிழில் எழுதினேன். 'நான் போகிறது, நீ வருகிறது' என்கிற மாதிரி. காதில் பிரஷைச் செருகிக்கொண்டு கணேசன் அதைப் படித்தார்.

"டீச்சர், இவங்க யார்கிட்ட பேசிக்கிறாங்க?"

"அவங்களுக்குள்ளதான்."

"எந்த ஊர்ல?"

"மாஸ்கோவில."

"அவங்க ஊர்ல, அவங்க பாஷைல பேசிகினு இருக்காங்க. அப்பறம் இன்னாத்துக்கு ஒளறணும்?"

மொழி சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த மாதத்திலிருந்து ரஷ்யர்கள் நல்ல தமிழ் பேசினார்கள். கணேசன் செய்த முதல் திருத்தம் அது. சரியான திருத்தம். அதை இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்தடுத்த திருத்தங்களை என்னிடம் கேட்டுச் செய்யவில்லை. ஒரு மாதம், 'உலகையே அழிப்போம்' என்று கர்னல் முழங்குவதாக எழுதிக் கொடுத்தேன். அச்சில் 'உலகைக் காப்போம்' என்று வந்தது.

"இது என்ன கணேசன்?"

"எடம் இல்ல டீச்சர்."

"ரெண்டும் ஒரே அளவுதானே?"

"எண்ணிப் பாருங்க. ஒரு எழுத்து கம்மியாவுது."

எண்ணினேன். உண்மைதான். இரண்டு பேரும் சிரித்தோம். முதலாளி எதையும் படிக்கமாட்டார். கணேசனுக்குச் செங்கொடியின் மேல் பிடிப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். படக்கதைதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன், அவர் மே தினத்துக்குப் போகிறார் என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டு நாள்

பிறகு கடைசிக் கதை வந்தது.

கப்பல் ஒன்று சாதாரண ஜனங்களை ஏற்றிக்கொண்டு எதிரி நாட்டுக்குத் தப்பிப்போகிறது. அதை மூழ்கடிக்கச் சொல்லித் தன் அரசாங்கம் கொடுக்கும் உத்தரவு வேராவின் காதில் விழுகிறது. அவள் அந்தக் கப்பலை எச்சரித்துவிடுகிறாள். கப்பல் தப்பிக்கிறது. அவளைச் சுட கர்னலுக்கு உத்தரவு வருகிறது.

கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம். பனி. வேரா மல்லாந்து கிடக்கிறாள், கண் மூடியிருக்கிறது. தலைக்குக் கீழே கறுப்பாகப் பரவிய ஒரு திட்டு. அருகில் கர்னல், வாயருகில் ஒயர்லெஸ். ஒரே ஒரு பலூன். 'பணி முடிந்தது. உடலை எடுக்க ஆள் அனுப்ப வேண்டாம்' என்று மொழிபெயர்த்து அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கறுப்புத் திட்டைக் காணோம். வெள்ளை மையால் மூடப்பட்டு அந்த இடமும் பனியாகியிருந்தது. பலூனில் கணேசனின் அழகான கையெழுத்து: 'தூங்கு வேரா. விடிந்ததும் வீட்டுக்குப் போகலாம்.'

அன்றைக்கே பள்ளி விட்டதும் பல்லாவரத்துக்குப் பஸ் பிடித்தேன். எனக்கு நல்ல கோபம். அவர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பொண்ணு பொறந்துகீது டீச்சர். பதினெட்டு நாளாவுது."

"சந்தோஷம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"வேரான்னு பேர் வச்சிட்டேன்."

பிரஷைத் துணியில் துடைத்தார்.

"பேர் வச்ச கொஞ்ச நாள்லயே, என் கையாலயே சாவடிக்கச் சொல்றீங்களா?"

"அது கதை, கணேசன்."

"கதைதான். அதான் மாத்த முடிஞ்சுது."

திரும்பி வந்துவிட்டேன். அடுத்த மாதம் பையன்களின் கடிதங்கள் வந்தன. வேரா வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆனாள், அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். 'நலமாக இருக்கிறாள்' என்று ராஜன் அண்ணா பதில் போட்டார். ஆகவே நானும் அந்தப் பொய்யில் இருந்தேன். இதை யாரும் மறந்துவிடக் கூடாது, முக்கியமாக நான்.

நாடு இல்லாமல் போனபோது

சில வருடம் கழித்து சோவியத் யூனியனே இல்லை என்றாகிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயம். டிவியில் கொடி இறங்குவதைக் காட்டினார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கணேசன் சைக்கிளில் மகளை உட்காரவைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐந்தாறு வயது இருக்கும் அவளுக்கு. அச்சுமுறுக்கை விரலில் மோதிரம்போல மாட்டிக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அந்த அஞ்சு பேருக்கும் யாரு டீச்சர் சம்பளம் குடுப்பாங்க?" என்றார் கணேசன்.

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஷேவ் செய்யாத முகம். கேக்கைத் தொடவே இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

போகும்போது சின்னவளிடம், "நீ யாரு, ஆன்ட்டிகிட்ட சொல்லு" என்றார்.

"நான் வேரா. ரேடியோ எல்லாம் எனக்குக் கேக்கும். பனில தூங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

அச்சகம் மூடியபிறகு எங்களுக்குள் போக்குவரத்து குறைந்தது. பண்டிகைக்குப் பண்டிகை போன். அவர் மனைவி தவறிப்போனபோது போயிருந்தேன். என் கணவர் தவறியபோது அவர் வந்திருந்தார். வேரா படித்து, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவோடு இருந்துவிட்டாள். அவர் கண் மங்கியபின் தினமும் காலையில் கம்பெனி பஸ் வருவதற்குமுன் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவாள் என்று கேள்விப்பட்டேன்.

மூன்று காலையில் எழுதியது

இரண்டு வருடத்துக்கு முன் பிரவீன் என்பவர் என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சாஃப்ட்வேர் வேலை, பழைய காமிக்ஸ் சேர்ப்பது, சொந்தமாக ஒரு பதிப்பகம். பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய புத்தகங்களை மேசைமேல் பரப்பினார்.

"மேடம், ஜி. ராஜன் நீங்கதானா? நம்பவே முடியல."

வடமுனைப் படையை முறையாக உரிமை வாங்கி, வெட்டாமல் முழுசாகப் போடப்போவதாகச் சொன்னார். புதிதாக மொழிபெயர்த்துத் தர வேண்டும். அட்டையில் என் சொந்தப் பெயர் வரும்.

கடைசிப் பக்கத்தையும் கண்டுபிடித்திருந்தார். ஆங்கிலத்தையும் பழைய தமிழையும் அடுத்தடுத்து வைத்தார். "யார் மேடம் இதை மாத்தினது? செம மேட்டர் மேடம் இது. முன்னுரையா எழுதுங்களேன்."

எழுதினேன். மூன்றே காலையில் எழுதி முடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக வேறு எதையும் எழுதியதில்லை. அழிப்போம், காப்போம், வெள்ளை மை, பதினெட்டு நாள் குழந்தை எல்லாம் அதில் இருந்தன. கணேசனின் பெயரை இனிஷியலோடு போட்டேன். வேராவின் பெயர் தானாகவே வந்துவிட்டது. 'ஒரு புட்டி வெள்ளை மையை வைத்து ஒரு வல்லரசைக் காப்பாற்றப் பார்த்த அப்பாவி' என்று ஒரு வரி. எழுதிவிட்டு அதை நானே இரண்டுமுறை ரசித்துப் படித்தேன்.

பாசத்தோடு எழுதியதாகத்தான் அப்போது நினைத்தேன். இப்போது படித்தால் பத்திக்குப் பத்தி அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

சேலையூரிலிருந்து பொழிச்சலூர் ஒன்றும் வெளியூர் இல்லை. மூட்டு வலி என்று சொல்லிக்கொண்டேன். போன் இருந்தது. புத்தகம் வந்ததும் நேரில் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்பார், பிறகு முன்னுரை போய்விடும் என்பதுதான் உண்மை.

மேற்கு தாம்பரத்தில் ஒரு சின்ன ஹாலில் வெளியீடு. சால்வை போட்டார்கள். நாற்பது பேர் என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள்.

பத்து நாளில் அந்தக் கடைசிப் பக்கம் போன்களில் சுற்ற ஆரம்பித்தது. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், கீழே சிரிக்கும் முகங்கள். அதோடு நிற்கவில்லை. அதே பனி நாட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கும் போரின் படங்களில், செத்துக் கிடக்கும் மனிதர்களின் தலைக்கு மேல், கணேசனின் பலூனை ஒட்டிப் பரப்பினார்கள். தூங்கு வேரா. விடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். அவருடைய கையெழுத்திலேயே.

காபி ஆறியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், மாடிப்படியில் வேரா உட்கார்ந்திருக்கிறாள். முன்தலையில் நரை. அப்பாவின் மூக்கு.

"ஆன்ட்டி, ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"அப்பா கோவமா இருக்காரா?"

"அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லல. நான் எனக்காகக் கேக்க வந்தேன்." குரல் உயரவே இல்லை. "அந்தக் கடைசிப் பக்கம் எனக்குத் தெரியாது ஆன்ட்டி. இத்தனை வருஷத்துல தெரியாது. வேரா தூங்குவா, அப்பறம் வீட்டுக்கு வருவா. அதுதான் எனக்குத் தெரிஞ்ச கதை. ஆபீஸ் கேன்டீன்ல பக்கத்து சீட்காரி போனைக் காட்டி, 'ஹேய், உன்னை உங்க கர்னலே சுட்டுட்டார்டி'ன்னு சிரிக்கிறா. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?"

காபி கொண்டுவந்து வைத்தேன். அவள் தொடவில்லை. ஆடை படிந்து அப்படியே ஆறியது.

"உங்க புத்தகம், நீங்க உண்மைய எழுதினீங்க. நான் தப்பு சொல்லல" என்று எழுந்தாள். "ஆனா அது எங்க வீட்டுக்குள்ள இருந்தது ஆன்ட்டி."

பிரவீனுக்குப் போன் செய்தேன். அடுத்த பதிப்பில் முன்னுரையை எடுத்துவிடச் சொன்னேன்.

"மேடம், முன்னுரைக்காகத்தான் மேடம் வாங்கறாங்க. வேணும்னா அவர் பேரை மட்டும் எடுத்துடலாம்."

அதற்குள் அந்தப் பெயர் ஊருக்கே தெரிந்திருந்தது. ஏதோ யூடியூப் சேனல்காரர்கள் பேட்டி வேண்டும் என்று நேராகக் கணேசனுக்கே போன் போட்டுவிட்டார்கள். விஷயம் அவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. மறுநாள் எனக்கு அவரிடமிருந்து போன். "புக்க எடுத்துகினு வாங்க டீச்சர். பொண்ணு படிக்க மாட்டேங்குது."

உத்தரவு

விமானம் போய்விட்டது. கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். அவருக்குத்தான் கண் தெரியாதே என்று நினைத்தேன்.

"தூங்கு வேரா. விடிந்ததும் வீட்டுக்குப் போகலாம்" என்று படித்தேன்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அப்டியா போட்டுகீது?"

"ஆமா கணேசன்."

"பொய் சொல்லாதீங்க டீச்சர். நான் ஒருத்தன் சொன்னது போதும்."

உள்ளதைப் படித்தேன். வகுப்பில் டிக்டேஷன் சொல்வதுபோல வந்தது என் குரல். "பணி முடிந்தது. உடலை எடுக்க ஆள் அனுப்ப வேண்டாம்."

"யாரு சொல்றது? கர்னலா?"

"ஆமா."

"உத்தரவு யாரு போட்டது?"

"பேர் இல்லை. ஒயர்லெஸ்ல வருது."

"ஒயர்லெஸ்ல" என்றார். கையின் ஆட்டம் அதிகமாகி, கட்டிலின் சட்டத்தில் மோதிரம் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது. "அவளுக்குத்தான் எல்லா ஒயர்லெஸ்ஸும் கேக்குமே டீச்சர். சுடச் சொல்லி வந்ததும் கேட்டிருக்கும்ல?"

அந்தப் பக்கத்தை வாழ்க்கையில் இரண்டுமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். அது எனக்கு உறைத்ததே இல்லை.

"கேட்டிருக்கும்" என்றேன்.

"தெரிஞ்சேதான் நின்னுகினு இருந்திருக்கா."

இன்னொரு விமானம். காத்திருந்தோம். அது போனபிறகு அவரே பேசினார்.

"முன்னுரைய பிரவீன் தம்பிகிட்ட போன்லயே படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். அப்பாவின்னு எழுதிகீறீங்க. நான் அப்பாவி இல்ல டீச்சர். யூனியன்லேர்ந்து ஒருத்தர் அந்த ஊருக்குப் போய்ட்டு வந்தார். எங்க சங்க ஆபீஸ்ல உக்காந்து அழுதார். என்னான்னு சொன்னார். அங்க நெசமாவே இப்படிச் சுடுவாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வெள்ளை அடிச்சேன். கட்சிக்காக இல்ல. எம் பொண்ணு ஒருத்திக்காவது தெரிய வேணாம்னு பார்த்தேன்."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். நடுக்கத்தாலா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை.

"கெளம்புங்க டீச்சர். வெயில் ஏறிடும்."

மன்னிப்புக் கேட்டேனா என்று வாசகர்கள் கேட்கலாம். பஸ் ஸ்டாப் வரை வந்து, திரும்பிப் போகலாமா என்று கால்மணி நேரம் நின்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

கடைசியாக ஒரு போன்

அந்த மழைக்காலத்தில் கணேசனுக்கு நெஞ்சுச் சளி கட்டி, ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனார். தெருவில் முழங்கால் வரை தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். வேரா எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள். "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். அதற்குப்பிறகு என்னோடு பேசவில்லை. யாரோ ஒருவர் என்னைக் காட்டி, "புக்கு எழுதின டீச்சர்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேட்டது.

அவள் அப்பா என்னிடம் கடைசியாகச் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சொன்னால் ஆறுதல் யாருக்கு என்று யோசித்து நிறுத்திவிடுவேன்.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது, இம்முறையாவது கேட்டுவிட்டு எழுதுவோம் என்று அவளுக்குப் போன் செய்தேன். கம்பெனி பஸ்ஸில் இருந்தாள். பின்னால் ஹாரன் சத்தம்.

"தாராளமா எழுதுங்க ஆன்ட்டி."

"அப்பா பேர் வரும்மா. பரவாயில்லையா?"

"ஏற்கெனவே வந்ததுதானே."

"உன் பேரும் வரும். வேணாம்னா மாத்திடறேன்."

"மாத்த வேணாம். போடுங்க. இப்ப அந்தப் பேர்ல யாரும் இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டதாம். ஆதார், பான் கார்டு, ஆபீஸ் அடையாள அட்டை எல்லாவற்றிலும் மாற்றியாயிற்று. யார் கூப்பிட்டாலும் அந்தக் கடைசிப் பக்கம்தான் கண்முன் வருகிறது, அப்பா இருந்தவரைக்கும் பொறுத்துக்கொண்டேன் என்றாள்.

"என்ன பேரும்மா வச்சிருக்க?"

"ரம்யா. எங்க ஆபீஸ்லயே மூணு ரம்யா இருக்காங்க. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"நல்ல பேர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஆமா ஆன்ட்டி. அதுல கதை எதுவும் இல்ல."